பேரவையும் தனித்தலைவனும்
பிரெஞ்சுத் தொழிலாளர் நிறைவேற்றதிகாரத்தை நோக்கிய முறை

அரசின் அதிகாரம் மூவகைப்படும் என்பர் அரசியல் நூலோர். சட்டத்தை ஆக்குதல், ஆக்கிய சட்டத்தை நிறைவேற்றுதல், அச்சட்டத்தின் வழி வழக்கைத் தீர்த்தல் என்பன அவை. இம்மூன்றனுள் பொதுமக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டு நிற்பது நிறைவேற்றதிகாரமே. படையை நடத்துவதும், பொலிசாரை ஏவுவதும், உத்தியோகத்தரை நியமிப்பதும், வரிப்பணத்தைச் செலவிடுவதும் அதன்பாற் பட்டன. அவ்வதிகாரம் பலர் கூடிய பேரவைக்கு அடங்கி நடத்தல் வேண்டுமா, அன்றி ஒருவர் கையில் ஒருமுகப்பட்டு நிற்றல் வேண்டுமா என்பது சென்ற இரு நூற்றாண்டுகளாக உலக நாடுகள் பலவற்றிலும் எழுந்துவரும் வினாவாகும். 1978 ஆம் ஆண்டின் அரசியல் யாப்பினால் நிறைவேற்றதிகாரமுடைய சனாதிபதியைப் பெற்ற இலங்கைக்கும் இவ்வினா புறம்பானதன்று.

இவ்வினாவுக்குத் தொழிலாளர் வகுப்பினர் எவ்வாறு விடை கூறுவர்? அமெரிக்கச் சமூகவியலறிஞர் லிப்செற் என்பார் 1959 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், பொருளியற் கருத்துக்களில் முற்போக்குடையோராய் இருப்பினும், அரசியல் உரிமைகளைப் பேணுவதில் தாழ்ந்த வருவாயினர் பின்னிற்கின்றனர் என்றும், வல்லாட்சியின்பால் எளிதிற் சாயும் இயல்பினர் என்றும் வாதித்தார். இக்கூற்று அறிஞரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஒரு வகுப்பாரின் மனப்பாங்கை அவர்தம் இயல்பென்று கொள்வதா, அவர் பட்ட அனுபவத்தின் பயனென்று கொள்வதா என்பதே அவ்விவாதத்தின் உயிர்நிலை. இதனை ஆராய்தற்குப் பிரான்சு தேசத்தின் வரலாற்றினும் சிறந்த சான்று காண்டல் அரிது. தொழிலாளர் அனைவரும் வாக்குரிமை பெற்று, ஒரு தனித்தலைவனைத் தாமே நேரிற் தெரிவு செய்யும் வாய்ப்பினை முதன்முதல் அடைந்த ஐரோப்பியப் பெருநாடு அதுவேயாகும்.

வாக்கும் வேலையும்

1848 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் பாரிசு நகரில் எழுந்த புரட்சியினால் லூயி பிலிப் மன்னன் முடிதுறந்தான். தற்காலிக அரசாங்கம் ஒன்று அமைந்தது. அதுவரை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் செல்வரே பெற்றிருந்த வாக்குரிமை, மார்ச்சு மாதத்தில் வயதுவந்த ஆடவர் அனைவருக்கும் வழங்கப்பட்டது. வாக்காளர் தொகை 90 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. பெண்டிர்க்கு அவ்வுரிமை கிட்ட மேலும் ஒரு நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது. பாரிசில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே வேலை என்றும், ஏனைய இடங்களிற் பதினொரு மணி என்றும் ஆணை பிறந்தது. வேலையற்றோர்க்குத் தேசியத் தொழிற்கூடங்கள் திறக்கப்பட்டன. யூன் மாதமளவில் இவற்றிற் பதிந்தோர் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது.

தொழிலாளரைப் பொறுத்தவரையில் குடியரசு என்பது இவ்விரண்டன் சேர்க்கையே: வாக்கு ஒன்று, வேலை மற்றொன்று. வாக்கினாற் பெற்ற பேரவை வேலைக்கு வழிசெய்யும் என்று அவர்கள் நம்பினர். ஆனால் ஏப்ரிலிற் கூடிய வாக்காளருள் மிகப் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து உழவராவர். அரசாங்கம் நேர்வரிகளின் மேல் விதித்த புதிய மிகைவரி அவர்களைச் சினங்கொளச் செய்திருந்தது. அவர்கள் தெரிந்தனுப்பிய பேரவையில் நிலக்கிழாரும் வழக்கறிஞரும் மலிந்தனர். பாரிசுத் தொழிலாளருக்குச் சோறிட்ட தொழிற்கூடங்கள் அப்பேரவையின் கண்ணில் வீண்செலவாகவே தோன்றின.

யூன் 21 ஆம் நாள் ஆணையொன்று வெளிவந்தது. தொழிற்கூடங்களிலுள்ள மணமாகாத இளைஞர் படையிற் சேர்தல் வேண்டும் என்றும், ஏனையோர் தொலைப்புறங்களுக்குச் சென்று மண்வேலை செய்ய ஆயத்தமாதல் வேண்டும் என்றும் அது விதித்தது. இரு நாட்களில் பாரிசின் கிழக்குப் பகுதி முழுவதும் தடுப்பரண்கள் எழுந்தன. யூன் 24 ஆம் நாள் பேரவை தன் நிறைவேற்றதிகாரம் முழுவதையும் தளபதி கவேஞாக் என்பார் ஒருவரிடமே ஒப்புவித்தது. அவர் பீரங்கி கொண்டு நான்கு நாட்களில் எழுச்சியை அடக்கினார். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர், அவருட் பல்லாயிரவர் நாடுகடத்தப்பட்டனர். தொழிலாளர் வாழும் பகுதிகளிலிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. செத்தெம்பரில் வேலைநேரமும் பன்னிரண்டு மணியாக நீட்டப்பட்டது.

இங்கு உற்றுநோக்கற்பாலது ஒன்றுண்டு. அதிகாரத்தை ஒருவர் கையில் முதன்முதற் குவித்தோர் தொழிலாளர் அல்லர். மக்களாற் தெரிவு செய்யப்பட்ட பேரவையே தொழிலாளரை அடக்குதற்பொருட்டு அதனைச் செய்தது.

சனாதிபதித் தெரிவு

அதே பேரவை அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் அரசியல் யாப்பை வகுத்தது. நாட்டுத் தலைவரைப் பேரவை தெரிவதா, மக்கள் நேரே தெரிவதா என்ற வினா எழுந்தது. யூல் கிரேவி என்னும் இளம் உறுப்பினர் தனித்த சனாதிபதிப் பதவியே வேண்டாம் என்றும், பேரவை விரும்பும்போது நீக்கத்தக்க அமைச்சர் தலைவர் ஒருவர் போதும் என்றும் திருத்தமொன்றைக் கொணர்ந்தார். இலட்சோபலட்சம் வாக்குகளால் உயர்த்தப்படும் ஒருவர், முன்பு அரசாண்ட குடியிற் பிறந்தவராகவும் பேராசையுடையவராகவும் இருப்பின் குடியரசு நிலைக்குமா என்று அவர் வினவினார். கவிஞரும் அரசியலாளருமாகிய லமார்த்தீன், மக்களின் தீர்ப்பை நம்புதலே தக்கது என்று வாதித்தார். கிரேவியின் திருத்தம் தோற்றது. நான்காண்டுப் பதவியும், படை மீதும் நிருவாகம் முழுவதன் மீதும் ஆணையும் உடைய சனாதிபதியை மக்கள் நேரே தெரிவு செய்வர் என்று யாப்பு விதித்தது.

இதன் பாரத்தை உணர்தற்குப் பிரான்சின் நிருவாக அமைப்பை அறிதல் வேண்டும். அந்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதிபர் ஒருவர் பாரிசிலிருந்து நியமிக்கப்படுவார். பொலிசும், பாடசாலையும், தெருவும், பத்திரிகைக் கண்காணிப்பும் அவர்வழி மத்திய அரசின் கையில் அடங்கும். ஆகவே நிறைவேற்றதிகாரத்தைப் பிடித்தவர் நாடு முழுவதையும் பிடித்தவராவர். பேரவை உறுப்பினர் 750 பேருக்கும் வாக்குகள் பகிர்ந்து கிடக்க, சனாதிபதி ஒருவருக்கே அவையனைத்தும் குவிந்து நின்றன.

டிசெம்பர் 10 ஆம் நாள் நடந்த தெரிவிற் பேரரசர் நெப்போலியனின் உடன்பிறந்தார் மகனாகிய லூயி நெப்போலியன் ஏறத்தாழ 54 இலட்சம் வாக்குகள் பெற்றார். கவேஞாக்குக்குக் கிடைத்தவை 14 இலட்சம் மாத்திரமே. மக்கள் தீர்ப்பை நம்பிய லமார்த்தீனுக்கோ இருபதினாயிரம் அளவான வாக்குகளே கிடைத்தன. உழவர் திரண்டு வாக்களித்தமையே இவ்வெற்றியின் பெருங்காரணம் என்பது வரலாற்றாசிரியர் முடிபு. எனினும் பாரிசின் தொழிலாளர் பகுதிகளிலும் லூயி நெப்போலியனுக்கு வாக்குகள் மிகுதியாக வீழ்ந்தன.

அதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கவேஞாக்கின் பெயர் யூன் மாதக் குருதியோடு ஒட்டியிருந்தது. லூயி நெப்போலியனோ அம்மாதத்தில் இங்கிலாந்தில் இருந்தமையாற் கறைபடாத கையினராய்த் தோன்றினார். அவர் சிறையிலிருந்த காலத்தில், 1844 இல், வறுமையை ஒழித்தல் பற்றி நூலொன்று எழுதி வெளியிட்டிருந்தார். தம்மைச் சுட்ட பேரவையை மடக்கத்தக்க ஒருவரைத் தொழிலாளர் பலர் தேடினர். அவரைக் கண்டதாக எண்ணினர். எல்லோரும் அவ்வாறு எண்ணினர் எனல் தவறு. சோசலிசக் கருத்துடைய தொழிலாளர் சிலர், சிறையிலிருந்த ரஸ்பாய் என்னும் மருத்துவ அறிஞரை வேட்பாளராக நிறுத்தினர். வெல்லும் நோக்கத்தோடன்றிச் சனாதிபதிப் பதவியையே மறுக்கும் கண்டனமாக அவரை நிறுத்தினர். அவருக்குக் கிடைத்த வாக்குகள் நாற்பதினாயிரத்தையும் எட்டவில்லை. தனியதிகாரத்தை ஐயுறும் நோக்கும் தொழிலாளரிடையே அன்றே முளைத்திருந்தமைக்கு அது சான்றாகும்.

இருபத்தைந்து பிராங்கு

1850 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் பேரவை புதிய வாக்குரிமைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஓரிடத்தில் மூன்றாண்டு தொடர்ந்து வதிந்தோர்க்கே வாக்கு என்று அச்சட்டம் கூறிற்று. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளரே இதனாற் பெரிதும் அடிபட்டனர். ஏறத்தாழ 30 இலட்சம் பேர், அஃதாவது வாக்காளருள் மூன்றிலொரு பங்கினர், உரிமையிழந்தனர். சட்டத்தை ஆதரித்துப் பேசிய தியேர் என்பார் அவர்களை இழிந்த கூட்டம் என்று பழித்தார். சட்டத்தை வகுத்தோருள் சனாதிபதியின் அமைச்சரும் இருந்தனர். ஆயினும் பழி பேரவையையே சார்ந்தது. 1851 நவெம்பரில் லூயி நெப்போலியன் அச்சட்டத்தை நீக்குமாறு கேட்டபோது பேரவை மிகச் சிறிய பெரும்பான்மையினால் மறுத்தது. பேரவை பறித்ததை மீட்டுத் தருபவராகச் சனாதிபதி காட்சியளித்தார்.

1851 டிசெம்பர் 2 ஆம் நாள் விடியற்காலையிற் படை பேரவைக் கட்டடத்தைச் சூழ்ந்தது. பேரவை கலைக்கப்பட்டது என்றும் பொது வாக்குரிமை மீள அளிக்கப்பட்டது என்றும் சுவரொட்டிகள் அறிவித்தன. மறுநாள் சென் அந்துவான் புறநகரில், பேரவை உறுப்பினர் சிலர் தடுப்பரண் அமைத்துத் தொழிலாளரைத் துணைக்கு அழைத்தனர். உறுப்பினர்க்கு அந்நாளில் வேதனம் நாளொன்றுக்கு 25 பிராங்கு. தொழிற்கூடத்தில் அதே தொழிலாளர் முன்பு பெற்ற கூலி இரண்டு பிராங்கு. உங்கள் இருபத்தைந்து பிராங்கைக் காப்பதற்கு நாங்கள் சாக வேண்டுமா என்று தொழிலாளர் கேட்டனர் என்றும், இருபத்தைந்து பிராங்குக்காக ஒருவன் எவ்வாறு சாகிறான் என்பதைக் காண்பீர்கள் என்று மருத்துவராகிய போதன் என்னும் உறுப்பினர் விடையிறுத்தார் என்றும் வழிவழி வழங்கும் செய்தி கூறும். சிறிது நேரத்தில் அவர் அத்தடுப்பரணின் மேலேயே சுடப்பட்டு இறந்தார்.

இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன என்னும் பழமொழியை இங்கு எடுத்துக்காட்டித் தொழிலாளரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அவர்கள் இருந்த நிலையையும் நோக்குதல் வேண்டும். மூன்றாண்டுக்கு முன் அவர்களைச் சுட ஆணையிட்டது அப்பேரவை. அவர்களின் படைக்கலங்களைப் பறித்ததும் அவர்கள் வாக்கைப் பறித்ததும் அதுவே. காப்பாற்றும்படி அது கேட்ட நாளிற் காப்பதற்குரிய கருவியும் அவர்களிடம் இல்லை, காப்பதற்குரிய காரணமும் இல்லை. அவர்களின் அலட்சியம் வல்லாட்சியின்மீது கொண்ட வேட்கையன்று. கைவிடப்பட்டோர் காட்டிய கைவிடலேயாகும்.

தொழிலாளருடைய வாக்கும் அமைப்பும் சிதையாத இடங்களில் நிலைமை வேறாக இருந்தது. கிளாமெசி என்னும் சிற்றூரில், விறகுக் கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி யோன் ஆற்றின் வழியே பாரிசுக்கு மிதக்கவிடும் தொழிலாளர், குடியரசைக் காக்கப் படைக்கலம் தாங்கி எழுந்தனர். தெற்கு மாவட்டங்களிற் கைவினைஞரும் சிற்றுழவரும் ஆயிரக்கணக்காகத் திரண்டனர். இவ்வெழுச்சிகள் அடக்கப்பட்டபின் நாடெங்கும் 26,000 பேருக்கு மேல் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டனர். டிசெம்பர் மாத இறுதியில் நடந்த குடியொப்பத்தில் 74 இலட்சம் பேர் இணக்கம் தெரிவித்தனர். அடுத்த ஆண்டிற் குடியரசு பேரரசாயிற்று.

கொடையும் உரிமையும்

தனித்தலைவன் ஆட்சியில் தொழிலாளர் பெற்றது யாது? வேலை கிடைத்தது என்பதை மறுத்தலாகாது. பாரிசு நகரை இடித்துப் புதுக்கிய பெரும்பணி பல்லாயிரவர்க்குக் கூலி கொடுத்தது. ஆயினும் 1854 ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் ஒவ்வொருவரும் பொலிசார் பதிவுக்குட்பட்ட தொழிற் கைநூல் ஒன்றை வைத்திருக்கும் கடப்பாட்டை இறுக்கிற்று. கூலி பற்றிய வழக்கில் முதலாளியின் சொல்லே மெய்யெனக் கொள்ளப்படும் என்ற பழைய விதி 1868 வரை நிலைத்திருந்தது.

1864 இற் பாரிசுத் தொழிலாளர் அறுபதின்மர் கையொப்பமிட்ட அறிக்கையொன்று வெளிவந்தது. தொழிலாளரின் குறைகளைத் தொழிலாளரே சட்டமன்றத்தில் எடுத்துரைத்தல் வேண்டும் என்று அது கோரிற்று. பேரரசனிடம் கொடை வேண்டாது, பேரவையில் இடம் வேண்டியமையே அதன் சிறப்பு. அதே ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தல் குற்றமன்று எனப் பேரரசு அறிவித்தது. ஆனால் அனுமதியின்றி இருபதின்மர்க்கு மேல் அமைப்பாகக் கூடுதல் குற்றமாகவே நீடித்தது. வேலையை நிறுத்தலாம், நிறுத்துவதைப் பற்றிக் கூடி ஆராய்தற்கு அனுமதி பெறல் வேண்டும். ஒருவர் அருளால் வருவது கொடையென்பதும், அது கொடுத்தவர் விரும்பும் அளவினதே என்பதும் இதனாற் தெளிவாயின. 1869 இல் லா ரிக்கமரியிலும் ஓபனிலும் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர் மீது படை சுட்டது.

இவற்றின் பயன் 1870 மே மாதக் குடியொப்பத்தில் வெளிப்பட்டது. நாடு முழுவதிலும் 73 இலட்சம் பேர் பேரரசுக்கு இணங்கினர். பாரிசிலோ மறுத்தோரே மிகுதியாயினர். 1851 இல் அசையாது நின்ற நகரம் இப்பொழுது மறுத்துரைத்தது. அத்தொழிலாளரின் இயல்பு மாறிற்று எனல் பொருந்தாது. இருபதாண்டு அனுபவம் அவர்களுக்குப் பாடம் கற்பித்தது எனலே பொருந்தும்.

கொம்யூனின் விவாதம்

பேரரசு வீழ்ந்தபின் 1871 மார்ச்சில் அமைந்த பாரிசுக் கொம்யூன், நிறைவேற்றதிகாரம் பற்றிய தொழிலாளர் கருத்தை மேலும் துலக்குகிறது. தொழிலாளர் பலர் உறுப்பினராய் இருந்த அவ்வவை சனாதிபதி எவரையும் நியமிக்கவில்லை. ஆட்சித்துறைகளைக் குழுக்களிடம் ஒப்புவித்தது. உயர்ந்த உத்தியோக வேதனம் ஆண்டுக்கு 6,000 பிராங்கைக் கடத்தலாகாது என வரையறுத்தது.

முற்றுகை நெருங்க நெருங்க, அதிகாரத்தைச் சிலர் கையிற் குவித்தல் வேண்டும் என்னும் குரல் எழுந்தது. மே 1 ஆம் நாள் 45 வாக்குகளால் பொதுநலப் பாதுகாப்புக் குழு ஒன்று நிறுவப்பட்டது. 23 பேர் எதிர்த்தனர். புத்தகம் கட்டும் தொழிலாளரும் தொழிற்சங்க அமைப்பாளருமாகிய வார்லன் அவ்வெதிர்ப்பாளருள் ஒருவர். கொம்யூன் தன் பொறுப்பைச் சிலரிடம் துறந்துவிட்டது என்று சிறுபான்மையினர் வெளிப்படையாகக் கண்டித்தனர். அழிவு வாயிலில் நின்றபோதும் அவர்கள் இவ்வினாவை விடவில்லை. சங்கங்களில் பழகி, கணக்குக் கேட்டும் கணக்குக் கொடுத்தும் வளர்ந்தவர்களே எதிர்த்தோருட் பலர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மே இறுதியில் தியேரின் படை கொம்யூனை அழித்தது. வார்லனும் கொல்லப்பட்டார். அப்படையை ஏவியது வெர்சேயிற் கூடிய பேரவையே. பேரவை என்னும் பெயர் மாத்திரம் தொழிலாளர்க்குக் காப்பாகாது என்பதற்கு அது மற்றொரு சான்று.

பிற்காலம்

மூன்றாம் குடியரசின் 1875 ஆம் ஆண்டு யாப்பு, சனாதிபதியை இரு அவைகளுமே தெரிவு செய்யும் என விதித்தது. தனித்த சனாதிபதி வேண்டாமென்ற கிரேவி 1879 இல் அவ்வாறு தெரிவான சனாதிபதியானது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அப்பேரவைக் குடியரசிலேயே 1884 இற் தொழிற்சங்கம் சட்டப்படியான உரிமை பெற்றது. எனினும் பேரவை மீது வெறுப்பு மூண்டபோதெல்லாம் பழைய நோய் தலைகாட்டிற்று. 1889 சனவரியிற் பேரவையாட்சியைத் தாக்கிப் பேசிய தளபதி பூலான்சே பாரிசிற் பெருவெற்றி பெற்றபோது, தொழிலாளர் பகுதிகளும் அவருக்கு வாக்களித்தன.

1958 இல் அல்சீரியப் போரின் நெருக்கடியிடையே தளபதி டி கோல் ஆட்சியேற்றார். அவர் வகுத்த யாப்பைப் பொதுவுடைமைக் கட்சி எதிர்த்தும், குடியொப்பத்தில் அஃது ஐந்தில் நான்கு பங்களவு வாக்குகளால் ஏற்கப்பட்டது. தொழிலாளரின் பெருங்கட்சியாகிய அக்கட்சியின் வாக்குகள் அவ்வாண்டுத் தெரிவில் நான்கிலொரு பங்கினின்றும் ஐந்திலொரு பங்குக்குங் கீழே சரிந்தன. 1962 இற் சனாதிபதியை மக்கள் நேரே தெரியும் முறை மீண்டது. 1968 மே மாதத்திலோ பத்தாண்டு போதும் என்ற முழக்கத்தோடு இலட்சக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1969 ஏப்ரிற் குடியொப்பத்தில் தோற்ற டி கோல் பதவி துறந்தார்.

2023 மார்ச்சு மாதத்தில் ஓய்வூதிய வயதை 62 இலிருந்து 64 ஆக உயர்த்தும் சட்டத்தை, யாப்பின் 49 ஆம் உறுப்புரையின் மூன்றாம் பிரிவைக் கொண்டு, அரசாங்கம் தேசியப் பேரவையின் வாக்கெடுப்பின்றி நிறைவேற்றிற்று. எட்டுத் தொழிற்சங்க அமைப்புகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. 1851 இல் பேரவைக்காகச் சாக மறுத்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள், தம் பிரதிநிதிகளின் வாக்கைத் தாண்டிச் சென்றமைக்காகத் தெருவில் இறங்கினர்.

முடிபு

லிப்செற் கூறிய சாய்வைப் பிரெஞ்சு வரலாறு முற்றாக மறுக்கவில்லை. 1848 இலும் 1889 இலும் 1958 இலும் தொழிலாளர் பலர் தனித்தலைவனை நாடியது உண்மை. ஆனால் அச்சாய்வு பிறவிக்குணம் அன்று என்பதையும் அவ்வரலாறே காட்டுகின்றது. பேரவை தன் வாசலை அடைத்தபோதெல்லாம் தொழிலாளர் அரண்மனை வாசலை நோக்கினர். கூடவும், பேசவும், கணக்குக் கேட்கவும் தமக்கென அமைப்பைப் பெற்ற இடங்களில் அவர்கள் தனியதிகாரத்தை ஐயுறக் கற்றனர்.

ஆதலின் ஒருவர் கையில் அதிகாரம் குவிதலை அஞ்சுவோர், தொழிலாளரின் அறியாமையைப் பழித்தலாற் பயனில்லை. பேரவை எவர்க்குப் பயன்படுகின்றதோ அவரே அதனைக் காப்பர். இருபத்தைந்து பிராங்கு பெறுவோர் இரண்டு பிராங்கு பெறுவோரை மறந்திருந்த ஒரு நாட்டில், ஒருவர் தம் உயிரைக் கொடுத்தும் பேரவையைக் காக்க முடியவில்லை. அம்மறதியே டிசெம்பர் 2 ஆம் நாளுக்கு வழி திறந்தது.